கட்டுமானத்தில் இருக்கும் மிதிவண்டிப் பாதையைப் பார்த்து வரைபடத்தில் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக மிதிவண்டிப் பாதை போடப்படும் இடத்தின் ஓரத்தில், ஒரு கையில் டேப்பும் மறு கையில் கைப்பேசியுமாக நின்றால், யாராவது ஒருவர் வந்து விசாரிக்காமல் இருப்பதில்லை. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள், தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், வரைபடம் வரையப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதமாகவே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், தேவையான இடத்தில் முந்தைய பதிலைச் சுட்டியிருக்கிறேன்.

பாதையே இன்னும் முடியவில்லை. அதை இப்போதே எதற்கு வரைபடத்தில் போட வேண்டும்?

வேலை நடக்கிறது என்பதும் ஒரு தகவல்தான். நேற்றுவரை நடந்துபோன கால்வாய்க் கரை இன்று தோண்டப்பட்டிருக்கிறது என்றால், அந்த வழியை நம்பி வருகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. பாதை திறக்கப்படும் நாளில்தான் மக்கள் அதைத் தேடுவார்கள். அன்றைக்கு முதல் கோட்டை வரையத் தொடங்கினால், அவசரத்தில் வளைவுகள் பிசகும், சாலைகளோடு சேரும் இடங்கள் விட்டுப்போகும். முன்கூட்டியே கவனமாக வரைந்து, 'கட்டுமானத்தில் உள்ளது' என்று குறித்து வைத்திருந்தால், திறந்த அன்று ஓரிரு குறிச்சொற்களை (கோட்டோடு இணைக்கும் விவரங்களை) மாற்றினால் போதும்.

கூகுள் மேப்ஸில்தானே சேர்க்கிறீர்கள்?

இல்லை, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கிறேன். 2004-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம் அது. யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கித் திருத்தலாம். அதன் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் கிடைக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டு, உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு எவரும் பயன்படுத்தலாம். ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளும், மிதிவண்டிக்காரர்களுக்கென்றே வரையப்படும் சைக்கிள்ஓஎஸ்எம் என்ற வரைபடமும் இந்தத் தரவிலிருந்துதான் உருவாகின்றன. ஒருமுறை சரியாகப் பதிந்தால் இத்தனை இடங்களுக்கும் அது போய்ச் சேரும் என்பதால்தான் இதில் உழைப்பைப் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே யாருமே இருப்பதில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?

ஆள் இல்லை என்பது அனுமதி ஆகாது. தடுப்பு வைக்கப்பட்டிருந்தால் அதற்கு இந்தப் பக்கமே நின்றுவிடுங்கள். மூடாத குழி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, இறுகாத மண்சரிவு இவையெல்லாம் வேலையாட்கள் இல்லாத நாளில்தான் அதிக ஆபத்து, ஏனென்றால் விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்காது. இன்னும் இறுகாத கான்கிரீட்டில் பதியும் ஒரு சக்கரத் தடம், யாரோ ஒருவர் நாள் முழுவதும் குனிந்து தேய்த்துச் சமன்செய்த வேலையைக் கெடுத்துவிடும்.

பெரும்பாலான பகுதிகளை வெளியிலிருந்தே பார்க்க முடியும். குறுக்கே போகும் சாலைகள், மேலே செல்லும் பாலங்கள், எதிர்க்கரை ஆகிய இடங்களிலிருந்து பாதையின் போக்கு தெளிவாகத் தெரியும். அதற்கு மேலும் பார்க்க வேண்டுமென்றால், வேலை நாளில் மேற்பார்வையாளரிடம் நேரில் கேளுங்கள். எதற்காக என்று பொறுமையாகச் சொன்னால், ஓரமாக நடந்து பார்க்க விடுகிறவர்களும் உண்டு, முடியாது என்கிறவர்களும் உண்டு. முடியாது என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ஜிபிஎஸ் தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமிக்கும் செயலி உள்ள கைப்பேசி, 5 மீட்டர் டேப், சிறிய நோட்டு, பென்சில் ஆகியவை போதும். நோட்டு எதற்கு என்று கேட்பார்கள். வெயிலில் திரை தெரியாத நேரத்திலும் தூறலில் தொடுதிரை வேலை செய்யாத நேரத்திலும் பென்சில் கைவிடாது. தவிர, "கல்வெர்ட்டுக்கு முன் இடப்பக்கம் 2 கம்பம், விளக்கு இன்னும் மாட்டவில்லை" என்று எழுதுவது, அதைக் குரலாகப் பதிந்து பிறகு தேடிக் கேட்பதைவிட வேகமானது.

கைப்பேசியின் ஜிபிஎஸ் துல்லியமாக இருக்குமா?

திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லும். அகலமான சாலைக்கு இது போதும்; 3 மீட்டர் அகல மிதிவண்டிப் பாதைக்குப் போதாது, ஏனென்றால் பாதையே அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். உயரமான கட்டடங்களின் ஓரத்திலோ அடர்ந்த மரங்களின் கீழோ, சமிக்ஞை எதிலாவது பட்டுத் திரும்பி வருவதால் பிழை இன்னும் கூடும்.

ஆகவே ஒரே தடத்தை நம்ப வேண்டாம். புறப்படும் முன் வெட்டவெளியில் ஒன்றிரண்டு நிமிடம் நின்று, கருவி நிலைப்பட விடுங்கள். நொடிக்கு ஒரு புள்ளி என்ற அளவில் பதியுங்கள். போகும்போது ஒரு தடம், திரும்பும்போது ஒரு தடம், வேறொரு நாளில் இன்னும் இரண்டு என்று சேர்த்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்த்தால், கோடுகள் அடர்ந்திருக்கும் நடுப்பகுதி உண்மையான பாதைக்கு மிக அருகில் இருக்கும். எல்-1, எல்-5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் பெறும் கைப்பேசி இருந்தால், எதிரொலிப்பால் வரும் பிழை கணிசமாகக் குறையும்.

சைக்கிளில் போய்ப் பதிவது நல்லதா, நடந்து போவதா?

முதல் முறை நடக்க வேண்டும் என்பது என் கருத்து. சைக்கிளில் போகும்போது கண் முன்சக்கரத்துக்கு எதிரிலேயே நிற்கும். ஓரத்து வடிகால், பக்கத்துத் தெருவிலிருந்து வந்து சேரும் ஒற்றையடிப் பாதை, கைப்பிடிச்சுவர் எங்கே முடிகிறது என்பவையெல்லாம் தப்பிப்போகும். அனுமதிக்கப்பட்ட பகுதியில் இரண்டாம் முறை சைக்கிளில் போங்கள். ஏற்றம் காலுக்குத் தெரியும், மேற்பரப்பின் கரடுமுரடு மணிக்கட்டுக்குத் தெரியும். எந்தப் படமும் அதைச் சொல்லாது.

செயற்கைக்கோள் படம்தான் இருக்கிறதே, வீட்டிலிருந்தே வரைந்துவிடலாமே?

வரையலாம், ஆனால் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்த பின்தான். முதலாவது, படத்தின் வயது. எடிட்டரில், அதாவது வரைபடத்தைத் திருத்தும் மென்பொருளில், தெரியும் வான்படம் சில மாதங்களோ சில ஆண்டுகளோ பழையதாக இருக்கக்கூடும். கட்டுமானப் பாதை என்பது அந்தக் காலத்துக்குள் தோன்றி முடிந்தே விடக்கூடியது. இரண்டாவது, படத்தின் விலகல். படம் தரையின் மீது சரியாகப் பொருந்தாமல் சில மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பது சாதாரணமாக நடக்கும். மேலே சொன்னபடி சேர்த்த பல தடங்களோடு ஒப்பிட்டு, படத்தை நகர்த்திப் பொருத்திய பின் வரையுங்கள்.

எந்தப் படத்தைப் பார்த்து வரையலாம் என்பதிலும் கட்டுப்பாடு உண்டு. பிங் வான்படத்தைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைய மைக்ரோசாஃப்ட் 2010-இல் அனுமதி தந்தது. கூகுள் மேப்ஸ், ஸ்ட்ரீட் வியூ ஆகியவற்றிலிருந்து எடுக்க அனுமதி கிடையாது. ஒரு வளைவை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று தொடங்குவதும் கூடாது.

பார்த்தால் மண்ணும் ஜல்லியுமாக இருக்கிறது. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாதை அடுக்கடுக்காக எழும்புகிறது. முதலில் மேல்மண்ணை வாரி எடுத்து, அடிமண்ணைச் சமன்செய்து ரோலரால் இறுக்குவார்கள். அதன்மேல் பெரிய ஜல்லியும் கற்பொடியும் கலந்த அடித்தள அடுக்கு வரும். ஓரக் கற்கள் பதிக்கப்பட்டால் பாதையின் இறுதி அகலம் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு கரடான தார்க்கலவை அடுக்கு, கடைசியாக மெல்லிய வழுவழுப்பான மேலடுக்கு. கான்கிரீட் பாதையாக இருந்தால், ஊற்றிய பின் ஈரச்சாக்கு விரித்து நீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கணக்கில் பார்ப்பது வழக்கம்.

பலர் ஏமாறுவது கரடான தார் அடுக்கைப் பார்த்துத்தான். தூரத்திலிருந்து பாதை முடிந்ததுபோல் தெரியும். குனிந்து மேன்ஹோல் மூடியைப் பாருங்கள். அதன் இரும்பு விளிம்பு தாரைவிட மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயர்ந்து நின்றால், மேலடுக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது. இறுதி உயரத்துக்கு ஏற்றவாறு மூடியை முன்பே தூக்கி வைத்திருக்கிறார்கள். இருட்டில் அந்த விளிம்பில் முன்சக்கரம் மோதினால் ஓட்டுபவர் கீழே விழுவார்.

மேலடுக்கு போடுவதற்குச் சற்று முன்பு, இரண்டு அடுக்கும் ஒட்டுவதற்காக மெல்லிய தார்க்குழம்பைத் தெளிப்பார்கள். தெளித்தவுடன் பழுப்பு நிறமாக இருக்கும். நீர் பிரிந்ததும் கறுப்பாகிவிடும். அப்போது அது மிகவும் ஒட்டும். செருப்பிலும் டயரிலும் ஒட்டி, பக்கத்திலுள்ள நடைபாதை முழுவதும் தடம் பதிக்கும். அந்தப் பளபளப்பைக் கண்டால் ஓரத்தில்கூடக் கால் வைக்காதீர்கள்.

சரி, எடிட்டரில் என்ன குறிச்சொல் போட வேண்டும்?

ஒவ்வொரு குறிச்சொல்லும் ஒரு ஜோடி: எதைப் பற்றியது என்று சொல்வது 'சாவி', அது என்ன என்று சொல்வது 'மதிப்பு'. இவை ஆங்கில எழுத்தில் இடப்படுபவை. இங்கே ஒலிப்பில் தருகிறேன். கோட்டுக்கு 'ஹைவே' என்ற சாவியில் 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற மதிப்பையும், 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற சாவியில் 'சைக்கிள்வே' என்ற மதிப்பையும் கொடுக்க வேண்டும். முதலாவது, இது இப்போது பயன்பாட்டில் இல்லை என்று சொல்கிறது. இரண்டாவது, முடிந்த பின் என்னவாகும் என்று சொல்கிறது. வழி கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இப்படிக் குறித்த கோட்டின் வழியாக யாரையும் அனுப்புவதில்லை.

இவற்றோடு, நேரில் கடைசியாகப் பார்த்த தேதியை 'செக் டேட்' என்ற சாவியில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சேர்த்துவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டுமானத்தில் இருக்கும் எதைப் பற்றியும், எப்போது பார்த்தது என்று தெரியாவிட்டால் மற்ற விவரங்களுக்குப் பாதி மதிப்புதான். சேமிக்கும்போது, மாற்றத் தொகுப்பின் (ஒரே தடவையில் சேமிக்கும் திருத்தங்களின்) குறிப்பில் எதை, எங்கிருந்து பார்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தார் போட்டாயிற்று, ஊரே ஓட்டுகிறது. திறந்ததாகவே போட்டால் என்ன குற்றம்?

நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் அப்படித்தான் போட்டேன். கால்வாய்க் கரையில் ஒரு பாதை. தார் போட்டு முடிந்திருந்தது. சிறுவர்கள் முதல் பெரியவர்கள் வரை மாலையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்திலும் பாதை தயாராக இருந்ததால் இரண்டையும் ஒரே கோடாக இணைத்து, திறந்த பாதையாகக் குறித்துவிட்டேன். நடுவில் இருந்த சிறு பாலத்துக்குத் தூண்கள்தான் எழும்பியிருந்தன, மேல்தளம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அங்கே போனபோது, அந்தப் பகுதிக்குப் புதியவரான ஒருவர், கைப்பேசி காட்டிய வழியில் முந்தின நாள் இரவு வந்ததாகவும், குவித்திருந்த ஜல்லியில் சக்கரம் புதைந்து நின்றதால்தான் தப்பியதாகவும் சொன்னார். ஜல்லிக் குவியலிலிருந்து தூண் விளிம்புக்கு எட்டு அடி தூரம்தான் இருந்தது.

அன்றே அதைத் திருத்தினேன். அதன்பிறகு நான் மாறாமல் கடைப்பிடிப்பது இதுதான்: உள்ளூர்க்காரர்கள் ஓட்டுகிறார்கள் என்பது அவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும் என்பதைத்தான் காட்டுகிறது. வரைபடமோ அந்த இடத்தை அறியாதவருக்காக இருக்கிறது. தடுப்பு எடுக்கப்பட்டு, இரு முனைகளும் ஏதாவதொரு வழியில் இணைந்து, நீங்களே அதில் முழுத் தூரமும் போய்ப் பார்த்த பின்புதான் அது 'சைக்கிள்வே'. வேலை முழுதாக முடிந்து, பூட்டிய கதவு மட்டுமே தடையாக இருந்தால், 'சைக்கிள்வே' என்று மாற்றி 'ஆக்ஸஸ்' சாவியில் 'நோ' கொடுக்கிறவர்களும் உண்டு. அது தவறில்லை. ஆனால் எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி மதிக்கும் என்பதால் 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விட்டுவைப்பதையே நான் விரும்புகிறேன்.

முன்பாதி திறந்துவிட்டது, பின்பாதியில் வேலை நடக்கிறது. அப்போது?

கோட்டை அந்த இடத்தில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அதற்குரிய குறிச்சொல்லைக் கொடுங்கள். வெட்டும் புள்ளி தடுப்பு நிற்கும் இடமாக இருக்கட்டும். அந்தப் புள்ளியிலேயே தடுப்பையும் குறிக்கலாம். மேற்பரப்பு மாறும் இடத்திலும், அகலம் குறிப்பிடத்தக்க அளவு மாறும் இடத்திலும் இதேபோல் வெட்ட வேண்டும். திறந்த பாதி ஒரு சாலையில் போய் இணையாமல் தடுப்போடு முடிந்துபோனால், அப்படியே முடிந்துபோவதாக வரையுங்கள். முட்டுச்சந்து என்பது தெரிய வேண்டிய செய்திதான்.

வேலையிடத்துப் பலகையில் முடியும் தேதியும் பாதையின் படமும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா?

பொது இடத்துப் பலகையில் எழுதியிருக்கும் தேதி போன்ற தகவலைப் படித்துப் பதியலாம். 'ஓப்பனிங் டேட்' என்ற சாவி அதற்காகவே இருக்கிறது. ஆனால் அது எதிர்பார்ப்பு மட்டுமே. அந்தத் தேதி வந்துவிட்டது என்பதற்காக, நேரில் பார்க்காமல் பாதையைத் திறந்ததாக மாற்றக்கூடாது.

வரைபடத் தாளைப் பார்த்துக் கோடு வரைவது வேறு விஷயம். திட்ட வரைபடங்களுக்குப் பெரும்பாலும் பதிப்புரிமை உண்டு. எழுத்துமூல அனுமதியோ பொருந்தும் உரிமமோ இல்லாமல் அதிலிருந்து நகலெடுக்க முடியாது. மேலும், தாளில் நேராகப் போகும் பாதை, தரையில் ஒரு பெரிய மரத்தையோ மின்கம்பத்தையோ சுற்றி வளைந்து போவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். மண் வேலையே தொடங்காத திட்டத்துக்கு 'ப்ரொபோஸ்டு' என்ற மதிப்பு இருக்கிறது. ஆயினும் நிச்சயமாக வரப்போகிறது என்று தெரியாதவரை அதைக்கூட வரையாமல் இருப்பது நல்லது.

அகலத்தையும் ஏற்றத்தையும் எப்படி அளப்பது?

அகலத்துக்கு டேப்பை ஓரக்கல்லின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்குப் பிடியுங்கள். புல் ஓரத்தையோ சரளை ஓரத்தையோ சேர்க்க வேண்டாம். மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறுகலான இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். டேப் இல்லையென்றால் சைக்கிளே அளவுகோல்: வால்வு தரையைப் பார்த்து நிற்கும்படி வைத்து, அது மறுபடி கீழே வரும்வரை தள்ளினால், வழக்கமான '700சி' அளவுச் சக்கரம் சுமார் 2.1 மீட்டர் நகரும். உங்கள் சக்கரத்தை ஒருமுறை வீட்டில் அளந்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஏற்றத்துக்கு 1 மீட்டர் நீள மரச்சட்டமும் கைப்பேசியின் ரசமட்டச் செயலியும் போதும். சட்டத்தைச் சரிவில் வைத்து, தாழ்ந்த முனையைச் சமமட்டம் ஆகும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் 5 செ.மீ. இடைவெளி இருந்தால் ஏற்றம் 5 சதவிகிதம். கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் பிரிட்டன் அரசு 2020-இல் வெளியிட்ட மிதிவண்டிக் கட்டமைப்பு வழிகாட்டி, 5 சதவிகித ஏற்றம் 30 மீட்டருக்கு மேல் நீளாமல் இருப்பது நல்லது என்கிறது. பாரம் ஏற்றிய சைக்கிளில் போகிறவருக்கு இதன் பொருள் உடனே புரியும்.

சாலையைக் கடக்கும் இடத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

பாதையின் தரம் இங்கேதான் தெரியவரும். முதலில், பாதையும் சாலையும் தரைமட்டத்தில் சந்திக்கும் இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் ஒரு பொதுப்புள்ளி இருக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றையொன்று தொடுவதுபோல் தெரிந்தாலும், பொதுப்புள்ளி இல்லையென்றால் மென்பொருளுக்கு அங்கே வழியே கிடையாது. பக்கத்துப் பாதையை விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் சுற்ற வைக்கும்.

அடுத்தது ஓரக்கல்லின் உயரம். 'கெர்ப்' சாவியில், சாலையோடு முழுச் சமமாக இருந்தால் 'ஃப்ளஷ்', சுமார் 3 செ.மீ. அளவுக்குத் தாழ்த்தியிருந்தால் 'லோவர்டு', அதைவிட உயரமென்றால் 'ரெய்ஸ்டு'. கட்டுமான காலத்தில் தற்காலிகமாக மண் கொட்டிச் சரிவு செய்திருப்பார்கள். அதைப் பார்த்து 'ஃப்ளஷ்' என்று போட்டுவிடாதீர்கள், ஒரு மழையில் அது போய்விடும். வாகனங்கள் நுழையாமல் இருக்கக் குட்டைத் தூண்கள் நட்டிருந்தால் இடைவெளியை அளந்து எழுதுங்கள். முன்பு சொன்ன வழிகாட்டி 1.5 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது. மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டும் மாற்றுத்திறனாளிக்கு, அந்த இடைவெளிதான் பாதை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. நீர் வடியும் கம்பிச் சட்டங்களையும் பாருங்கள்; கம்பிகள் பயணத் திசையிலேயே நீண்டிருந்தால் மெல்லிய சக்கரம் உள்ளே இறங்கிவிடும். அப்படி இருந்தால் வரைபடத்தில் குறிப்பதோடு நிற்காமல், பாதை திறக்கும் முன்பே வேலையிடத்தில் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் திருப்பி வைப்பது எளிது.

பாலத்தின் மேலும் சுரங்கத்தின் உள்ளும் போகும் பகுதியை எப்படி வரைவது?

பாலம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கோட்டை வெட்டி, நடுத்துண்டுக்கு 'பிரிட்ஜ்' சாவியில் 'எஸ்', 'லேயர்' சாவியில் '1' கொடுங்கள். சுரங்கத்துக்கு 'டனல்' சாவியில் 'எஸ்', 'லேயர்' சாவியில் '-1'. சாலைச் சந்திப்பில் பொதுப்புள்ளி கட்டாயம் என்று சொன்னேன். இங்கே அது கட்டாயம் கூடாது. கீழே ஓடும் சாலையோடு பாலத்தை இணைத்துவிட்டால், ஆறு மீட்டர் உயரத்திலிருந்து வலப்பக்கம் திரும்பச் சொல்லும் வழிகாட்டல் பிறக்கும். சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் தடம் கிறுக்கல்தான். இரு வாய்களையும் வெளியே தெளிவாகப் பதிந்து, உள்ளே நேராகப் போகிறதா வளைகிறதா என்று பார்த்து இணையுங்கள்.

சாலையை ஒட்டியே போகிறது. தனிக்கோடாக வரைவதா, சாலையின் குறிச்சொல்லாகச் சேர்ப்பதா?

சாலைக்கும் மிதிவண்டிக்கும் நடுவில் வெறும் பெயிண்ட் கோடு மட்டும் இருந்தால், அது சாலையின் ஒரு பகுதி; சாலைக் கோட்டிலேயே 'சைக்கிள்வே' சாவியில் 'லேன்' என்று, எந்தப் பக்கம் என்பதோடு குறிக்க வேண்டும். ஓரக்கல், செடி வரிசை, தடுப்புச்சுவர் என்று பெயிண்ட் கோடாக இல்லாமல் நிஜமான தடை ஏதாவது இருந்தால் தனிக்கோடு வரையலாம்; அப்போது சாலையில் 'செப்பரேட்' என்று போட்டால் ஒரே பாதை இரண்டு முறை எண்ணப்படாது. கட்டுமானத்தின்போது சிவப்பு வெள்ளை பிளாஸ்டிக் தடுப்புகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அவை வேலை முடிந்ததும் போய்விடும். ஓரக்கல் பதிந்த பிறகு தெரிவதுதான் உண்மை. நடப்பவர்களுக்கும் சேர்த்துப் போட்ட பாதையா என்பதும், நடுவில் பிரிகோடு உண்டா என்பதும் கடைசி வாரத்தில்தான் தெரியும். 'செக்ரிகேட்டட்' சாவியை அதுவரை காலியாக விடுங்கள்.

பாதைக்குப் பெயர் வைக்கலாமா?

பலகையில் பெயர் எழுதியிருந்தால் எழுதியபடியே சேர்க்கலாம். 'புதிய சைக்கிள் பாதை' என்பது பெயரல்ல, விவரிப்பு.

படம் எடுப்பதில் ஏதாவது முறை இருக்கிறதா?

இருக்கிறது. தனிக் கேமரா என்றால், முதல் படமாக ஜிபிஎஸ் நேரம் காட்டும் கைப்பேசித் திரையையே எடுங்கள். கேமராக் கடிகாரம் எத்தனை நொடி பிந்துகிறது என்று அதிலிருந்து தெரிந்துவிடும். ஜேஓஎஸ்எம் போன்ற எடிட்டர் அந்த வித்தியாசத்தைக் கழித்து, ஒவ்வொரு படத்தையும் தடத்தில் அது எடுக்கப்பட்ட இடத்தில் அமர்த்திவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் வந்த திசை, போகும் திசை என இரண்டு படம் எடுப்பது என் வழக்கம்.

வேலையாட்களின் முகம் தெரியாமல் எடுங்கள், அல்லது கேட்டுவிட்டு எடுங்கள். மேப்பிலரி போன்ற பொதுத் தளங்களில் ஏற்றினால் முகங்களையும் வண்டி எண்களையும் தாமாகவே மங்கலாக்குகிறார்கள். ஆனாலும் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

நான் வரைந்ததை வேறொருவர் மாற்றிவிட்டார். திருப்பிப் போடலாமா?

முதலில் அவருடைய மாற்றத் தொகுப்பின் குறிப்பையும் தேதியையும் பாருங்கள். கட்டுமான இடத்தில் நேற்றைய உண்மை இன்று மாறியிருக்கும். அவர் உங்களுக்குப் பிறகு போய்ப் பார்த்திருக்கலாம். அந்தத் தொகுப்பின் கீழேயே கருத்து எழுதும் வசதி இருக்கிறது, "நான் இந்தத் தேதியில் பார்த்தபோது தடுப்பு இருந்தது, நீங்கள் எப்போது பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் போய்ப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். தரையில் இருப்பதே இறுதித் தீர்ப்பு என்பது இந்த வரைபடத்தின் அடிப்படை விதி.

வேலைக்காகப் பக்கத்துத் தெருவை நாலு நாள் மூடுகிறார்கள். அதையும் போட வேண்டுமா?

வேண்டாம். பலர் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூடப் புதுப்பிக்காமல் பயன்படுத்துகிறார்கள். நாலு நாள் மூடியதை நீங்கள் குறித்து, நாலாம் நாளே நீக்கினாலும், நடுவில் இறக்கியவரின் கைப்பேசியில் அந்தத் தெரு நெடுங்காலம் மூடியே கிடக்கும். பல மாதங்கள் நீடிக்கும் மாற்றத்தை மட்டும் பதியுங்கள்.

ஒரு வருடமாக வேலை அப்படியே நிற்கிறது. அழித்துவிடலாமா?

மண்மேடும் ஜல்லியும் தரையில் இருக்கும்வரை முழுதாக அழிக்க வேண்டாம். போய்ப் பார்த்து, 'செக் டேட்' சாவியைப் புதுப்பித்து, வேலை நிற்கிறது என்று குறிப்பு எழுதுங்கள். மக்கள் உண்மையிலேயே அதில் தடையின்றி நடக்கத் தொடங்கி, தடுப்பும் இல்லாமல் போயிருந்தால், இன்று அது என்னவோ அப்படியே, ஜல்லி மேற்பரப்புள்ள ஒற்றையடிப் பாதையாகக் குறிக்கலாம். புல் முளைத்துத் தடமே தெரியாமல் போன பின் நீக்கலாம். இப்படி நின்றுபோனவற்றைத் தேட ஓவர்பாஸ் டர்போ என்ற கருவியில் கட்டுமானக் கோடுகளை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி, அப்படிப்பட்ட இடத்துக்கு அருகே போனால் வேலை முடிந்ததா என்று கேட்கவே செய்யும்.

பாதை திறந்துவிட்டது! இனி என்ன மாற்ற வேண்டும்?

பழைய கோட்டை அழித்துப் புதிதாக வரையாதீர்கள்; அதன் வரலாறு போய்விடும். அதே கோட்டில் 'ஹைவே' சாவியின் மதிப்பை 'சைக்கிள்வே' என்று மாற்றி, 'கன்ஸ்ட்ரக்‌ஷன்', 'ஓப்பனிங் டேட்' சாவிகளை நீக்குங்கள். பிறகு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட்டி, மேற்பரப்பு, அகலம், ஓரக்கல், தூண் இடைவெளி ஆகியவற்றை மறுபடி சரிபாருங்கள். கட்டுமான காலத்தில் எழுதியவற்றில் சில நிச்சயம் மாறியிருக்கும்.

அதோடு இன்னும் இரண்டு முறை போக வேண்டியிருக்கிறது. ஒன்று, இருட்டிய பின். கம்பம் நட்டிருப்பதும் விளக்கு எரிவதும் ஒன்றல்ல. எரிவதைக் கண்ட பிறகுதான் 'லிட்' சாவியில் 'எஸ்' போட வேண்டும். இன்னொன்று, முதல் நல்ல மழைக்கு மறுநாள் காலை. தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, ஓரத்து மண் எங்கே சரிந்து பாதையில் விழுந்திருக்கிறது என்பது அன்றைக்குத் தெரிவதுபோல் வேறு எந்த நாளிலும் தெரியாது. சுரங்கப் பகுதி இருந்தால் அங்கே முதலில் போங்கள்.